ஊறுகாய் பாட்டிலில் வந்த கட்டி

2009-ல் கோவையில் ஒரு மருத்துவமனையின் மரபணு ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், பாலக்காட்டுப் பக்கமிருந்து பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. சுற்றியிருந்த மலையாள நாளிதழைப் பிரித்தால் உள்ளே ஊறுகாய் பாட்டில். அதற்குள் ஃபார்மலினில் மூழ்கி, ஒரு பெண்ணின் மார்பிலிருந்து எடுத்த கட்டி. மாங்காய் ஊறுகாய் லேபிளைக் கிழித்த இடத்தில் பசை இன்னும் பிசுபிசுவென்றிருந்தது. பெயரும் வயதும் மூடியின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்கள். அதே நாளில் இன்னொரு பாட்டில் வந்து, யாராவது இரண்டு மூடியையும் கழற்றி மாற்றிப் போட்டிருந்தால் அந்தப் பெண்ணின் நோய் வேறொருத்திக்குப் போயிருக்கும்.

கட்டி வெளியே வரவில்லை. அறுத்தெடுத்த நேரத்தில் அது மெத்தென்று இருந்திருக்கும், கழுத்து வழியாக அழுத்தி நுழைத்துவிட்டார்கள். ஃபார்மலினில் ஒரு நாள் கிடந்ததும் கொப்பரை மாதிரி இறுகிவிட்டது. கடைசியில் பாட்டிலைத் துண்டில் சுற்றி, அட்டெண்டர் அண்ணன் சுத்தியலால் தட்டி உடைத்தார். எலுமிச்சம்பழ அளவுக் கட்டி. நோய்க்குறியியல் மருத்துவர் குறுக்கே வெட்டிக் காட்டினார். மேல் விளிம்பு வெந்த மாதிரி வெளுத்திருந்தது, நடுப்பகுதி சிவந்து கொழகொழவென்று கெட்டுப்போயிருந்தது. ஃபார்மலின் சதைக்குள் மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் இறங்கும். கட்டியைப் போல 10 மடங்கு ஃபார்மலின் வேண்டும், அகன்ற வாய் டப்பா வேண்டும், போடுவதற்கு முன் கட்டியை நடுவே கீறிவிட வேண்டும். மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஹெர்2 மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டிய பரிசோதனை அது. பெருகியிருந்தால் அதற்கென்றே தனி மருந்து உண்டு. விளிம்பிலிருந்து கிடைத்த கொஞ்சத்தை வைத்து எப்படியோ முடித்தோம்.

முனைவர் பட்டத்துக்கு ஆறு வருஷம் கொடுத்திருந்தேன். இந்த ஒரு பாட்டிலைப் பற்றி அந்த ஆறு வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரங்களோடு பதினாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு இன்று யோசித்தால், தப்பாகப் போன முடிவுகளில் பாதிக்கு மேல் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே தப்பாகிவிட்டவை. டப்பாவில், டியூபில், விண்ணப்பப் படிவத்தில், கேட்காமல் விட்ட கேள்வியில்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரளாவில்தான் இருக்கிறது, ஆனால் சந்தைக்குப் போனால் காதில் விழுவது தமிழ். வீட்டில் கோயமுத்தூர்த் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், சினிமாவுக்குப் பொள்ளாச்சி. பத்தாவது வரை தமிழ்வழி, அப்புறம் சித்தூர் அரசுக் கல்லூரியில் விலங்கியல். ஆந்திரச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர். வெளியூரில் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா தென்னந்தோப்பில் மேஸ்திரி. மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு 2001 பிப்ரவரியில் வெளியானபோது நான் கோவையில் எம்எஸ்சி படித்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் அந்த இதழைக் கையில் வாங்குவதற்கு வரிசையில் நின்றோம். இனி எல்லா நோய்க்கும் விடை கிடைத்துவிடும் என்று பேசிக்கொண்டே கேன்டீனுக்குப் போனது ஞாபகமிருக்கிறது.

ஆராய்ச்சிக்கு வாய்ப்புற்றுநோயை எடுத்தேன். காரணம் ரொம்ப யோசித்ததெல்லாம் இல்லை. எங்கள் பக்கம் வெற்றிலை பாக்கு புகையிலை போடாத வீடு குறைவு, அதனால் நோயாளிகள் நிறைய. ஒரு மருத்துவமனை தன் பழைய பாரஃபின் பிளாக்குகளைக் கொடுக்க ஒத்துக்கொண்டது. பிளாக் என்றால் நோயாளியின் சதைத் துண்டை மெழுகில் பதித்து வைப்பது, தீப்பெட்டியில் பாதி அளவு இருக்கும். அதிலிருந்து தாளைவிட மெல்லியதாகச் சீவி, மெழுகைக் கரைத்து, டிஎன்ஏ பிரித்து, புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 என்ற மரபணுவில் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்த மரபணுவின் புரதத்தை அறிவியல் கண்டுபிடித்ததும் நான் பிறந்ததும் 1979-ல். அதனால் அதன்மேல் ஒரு பாசம்.

2005-ல் எனக்குப் புதையல் கிடைத்தது. ஒவ்வொரு மாதிரியிலும் மாற்றங்கள், வேறெங்கும் யாரும் சொல்லாத இடங்களில். வழிகாட்டி ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். பெரும்பாலான மாற்றங்கள் ஒரே ஜாதி, டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் சி இருக்க வேண்டிய இடத்தில் டி. ஆய்வகத்தில் மூத்த அக்கா ஒருத்தர் இருந்தார், அதிகம் பேச மாட்டார். காட்டினேன். "அதே டிஎன்ஏவை எடுத்து இன்னொரு தடவை பிசிஆர் போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டார். டிஎன்ஏவைப் பெருக்கிப் பிரதி எடுக்கும் முறைதான் பிசிஆர். போட்டேன். பழைய மாற்றங்களில் முக்கால்வாசி காணோம், வேறு இடங்களில் புதிதாக முளைத்திருந்தன.

ஃபார்மலின் செய்த வேலை. பழைய பிளாக்கில் டிஎன்ஏ துண்டு துண்டாக நொறுங்கியிருக்கும். சி என்ற எழுத்து சிதைந்து யுராசில் ஆகிவிடும், பிசிஆர் நொதி அதை டி என்று வாசித்துவிடும். அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்த பஃபர் கலக்காத ஃபார்மலினாக இருந்தால் இன்னும் மோசம். நல்ல மூலப்பிரதி நாலைந்துதான் இருக்கிறது என்றால், அதில் ஒன்றில் நேர்ந்த சிதைவு பெருகிப் பெருகி உண்மை மாதிரியே நிற்கும். புற்றுநோய் செய்த மாற்றமென்றால் இரண்டாவது தடவையும் அதே இடத்தில் வர வேண்டும். என் இரண்டு வருஷ வேலையில் தேறியது கொஞ்சம்தான். ஹாஸ்டலில் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. அப்புறம் எழுந்து, எல்லா மாதிரிகளையும் இரண்டிரண்டு முறை தனித்தனியாகச் செய்ய ஆரம்பித்தேன். யுராசிலை வெட்டியெறிய ஒரு நொதி இருக்கிறது, அதை முதலிலேயே சேர்த்துவிடுவது இப்போது எங்கள் ஆய்வகத்தில் வழக்கம். புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது அந்த அக்காவின் கேள்வியைத்தான். அதிலும் முடிவு ரொம்ப அழகாக வந்திருந்தால் கட்டாயம் கேட்பேன்.

நான் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே 2005-ல், திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தினரும் மற்றவர்களும் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 13 பஞ்சாயத்துகளைப் பிரித்துக்கொண்டு, சிலவற்றில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற பட்டதாரிகள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் இருந்தால் மேல்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில் வாய்ப்புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. படித்துவிட்டு எனக்குக் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் வெட்கம். என் டிபி53 ஒருத்தரைக்கூட இன்னும் காப்பாற்றியிருக்கவில்லை. இன்றைக்கும் யாராவது வாய்ப்புண்ணுக்கு ஜீன் டெஸ்ட் இருக்கிறதா என்று கேட்டால், இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை முதலில் ஒரு பல் டாக்டரிடம் காட்டச் சொல்கிறேன். வெறும் பாக்கு மட்டும் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லியாயிற்று. "புகையிலை போடறதில்லீங், பாக்கு மட்டுந்தான்" என்று நிம்மதியாகச் சொல்லும் பெரியவர்களை எங்கள் ஊரில் தினமும் பார்க்கலாம். என் அப்பா அதில் ஒருவர்.

மருத்துவமனைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டது வேறு ரகம். ரத்தம் எடுக்கும் டியூபின் மூடி நிறம் உதாரணம். எங்களுக்கு வேண்டியது, ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ என்ற ரசாயனம் போட்ட ஊதா மூடி. பச்சை மூடியில் ஹெப்பாரின் இருக்கும், அது பிசிஆரை நடக்கவிடாது. சனிக்கிழமை மதியம் எல்லையோர ஆஸ்பத்திரியில் பச்சை மூடியில் எடுத்து, ஞாயிறு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, திங்கள் மதியம் எங்களிடம் வந்த ரத்தங்களை எண்ணி மாளாது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற மரபணுவை பிசிஆர் (PCR) முறையில் அளப்போம், முறைக்கும் மரபணுவுக்கும் தமிழில் எழுத்து ஒன்றாகிவிடுகிறது. 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டை மாற்றிக்கொண்டு உண்டாக்கும் ஒட்டு மரபணு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அளக்க ஆர்என்ஏ, அதாவது மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல், வேண்டும். ஆர்என்ஏ கறந்த பால் மாதிரி, நேரம் போகப்போகக் கெடும். கெட்ட மாதிரியில் அளந்தால் நோயே இல்லை என்பது போல எண் வரும், மாத்திரை வேலை செய்கிறது என்று எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். அதனால் மாதிரி நன்றாக இருக்கிறதா என்று காட்டும் இன்னொரு மரபணுவையும் கூடவே அளக்கிறோம். அது தேறவில்லை என்றால் ரிப்போர்ட் கொடுப்பதில்லை, மறுபடி ரத்தம் கேட்போம். திட்டு விழும். விழட்டும். நோயாளி வீட்டார் செய்யக்கூடியது, திங்கள் முதல் வியாழனுக்குள் காலையில் ரத்தம் கொடுப்பது.

இன்னொன்று, பிளாக்கைப் பத்திரப்படுத்துவது. வேலந்தாவளம் பக்கத்து அம்மா ஒருவர், 52 வயது, பீடி சிகரெட் வாசனையே ஆகாதவர். தொடர்ந்து இருமல். காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், சளியில் கிருமி ஒருமுறைகூடத் தெரியாமலேயே. ஒரு வழியாக நுரையீரலில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். நூல் துண்டு போல மூன்று இழை. அதைச் சீவிச் சீவி விதவிதமாகச் சாயம் போட்டுப் பார்த்து, கடைசியில் எங்களிடம் வந்தபோது பிளாக்கில் மெழுகுதான் மிச்சம். மறுபடி ஊசி. நடுவில் மூன்று வாரம் போயிற்று. ஈஜிஎஃப்ஆர் மரபணுவின் 19-ஆம் எக்ஸான் என்ற பகுதியில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. புகை பிடிக்காத ஆசியப் பெண்களின் நுரையீரல் புற்றுநோயில் அடிக்கடி காண்பது, மாத்திரை இருக்கிறது. மாத்திரை தொடங்கிய இரண்டாவது மாதம் அவர் மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்தே போனார் என்று மகன் போன் செய்தார். பதினான்கு மாதம் கழித்து நோய் அந்த மாத்திரையையும் தாண்டியது. அப்போது ரத்தத்திலேயே தேடி, டி790எம் என்ற புது மாற்றத்தைப் பார்த்தோம். அதற்கான மருந்தின் விலையைக் கேட்டு மகன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

எனவே சதை எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: ஜீன் டெஸ்ட் தேவைப்படுமா, அப்படியென்றால் அதற்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைப்பீர்களா? ஆஸ்பத்திரி மாறினால் ரிப்போர்ட் மட்டும் போதாது, பிளாக்கையும் ஸ்லைடையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் வைக்காதீர்கள், எங்கள் ஊர் சித்திரை வெயிலில் மெழுகு இளகும்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

2013-ல் பாலக்காட்டிலிருந்து ஒரு படிவம் வந்தது. மார்பகப் புற்றுநோய், நோயாளிக்கு 38 வயது. குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்ற இடத்தில், தாய்மாமன் மனைவிக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று ஆங்கிலத்தில் குறித்திருந்தது. தாய்மாமன் மனைவி ரத்த சம்பந்தமில்லாதவர், கணக்கில் சேராது. குடும்பவழிச் சோதனை அவசரமில்லை என்று ஒதுக்கி வைக்கலாம். அந்தப் பெண் வேறொரு சோதனைக்காக நேரில் வந்தபோது சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"எந்த ஊருங்க?"

"கொழிஞ்சாம்பாறை பக்கமுங்க, மேடம்."

எங்க ஊர்க்காரர். படிவத்தைக் காட்டி, "உங்க மாமா சம்சாரத்துக்கு எப்ப வந்துச்சுங்க?" என்றேன்.

"அத்தைக்கா? அவங்க நல்லாத்தானே இருக்காங்க. நான் எங்கம்மாயியச் சொன்னேனுங்க. வயிறு வீங்கிப் போயிச் சேந்தாங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தமிழில் அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவர். மலையாளத்தில் அம்மாயி என்றால் மாமன் மனைவி. படிவம் நிரப்பிய நர்ஸ் மலையாளி, காதில் விழுந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், அவர் மொழியில். ஒரு சொல் எல்லை தாண்டியதில் ஒரு பாட்டி குடும்ப மரத்திலிருந்தே விழுந்துவிட்டார். அம்மாயிக்குச் சினைப்பை, பேத்திக்கு 38 வயதில் மார்பு. இது சாதாரண வரலாறு இல்லை. மார்பு, சினைப்பைப் புற்றுநோயைக் குடும்பவழி கொண்டுவரும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களைப் பார்க்கும் பிராக்கா சோதனை செய்தோம், பிஆர்சிஏ1-ல் மாற்றம் இருந்தது. அவருடைய இரண்டு தங்கைகளும் பிறகு வந்தார்கள்.

அதற்கப்புறம் படிவத்தை நம்புவதை விட்டேன். உறவு விசாரிப்பதற்குத் தமிழ் அற்புதமான மொழி. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கிவிடும் உறவை நாம் அத்தை, சித்தி, பெரியம்மா என்று பிரித்து வைத்திருக்கிறோம், தாய்வழியா தந்தைவழியா என்று சொல்லிலேயே பாதி தெரிந்துவிடும். மீதி பாதியில் குழி இருக்கிறது. அம்மாவின் தங்கையும் சித்தி, சித்தப்பாவின் மனைவியும் சித்தி. முன்னவர் ரத்தம், பின்னவர் இல்லை. அதனால் முறைப்பெயரை எழுதிக்கொண்டு நிறுத்துவதில்லை, யாருக்குப் பிறந்தவர் என்று கேட்கிறேன். அதோடு அக்கா மகள், அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொடுக்கும் குடும்பங்களில் மரத்தின் கிளைகள் திரும்பி வந்து ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே மாற்றம் வந்து ஒரு குழந்தையிடம் சேர்ந்தால் விளைவு வேறு. பிஆர்சிஏ2 இரண்டு பிரதியும் பழுதானால் ஃபான்கோனி ரத்தசோகை, குழந்தைப் பருவத்திலேயே. ஆகவே சொந்தத்தில் கல்யாணமா என்பதையும் சங்கடப்படாமல் கேட்க வேண்டும்.

கேள்வியின் சொல்லும் முக்கியம். "குடும்பத்தில் யாருக்காவது கேன்சர்?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "இல்லீங்" என்பார்கள். பொய் சொல்வதில்லை. அந்தப் பெயரில் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் இப்படிக் கேட்கிறேன்: ஐம்பது வயசுக்குள் போய்ச் சேர்ந்தவங்க யாரு? என்ன ஆச்சு? மாரில் கட்டி, புண் என்று வைத்தியம் பார்த்தவங்க உண்டா? வயிறு வீங்கி, நீர் கோத்து இறந்தவங்க? மகோதரம் என்று ஊரில் சொல்வது எல்லாம் குடியால் வந்த கல்லீரல் கோளாறு இல்லை. குடிக்காத நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு மகோதரம் என்றால் சினைப்பையாக இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இந்தக் கேள்வியை நானே எழுதி வைத்துக்கொண்ட அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் அம்மாயி 1984-ல் மகோதரத்தில் இறந்தவர். 52 வயது. எனக்கு ஐந்து வயது, அவரது வயிற்றைத் தொட்டுப் பார்த்து உள்ளே பாப்பா இருக்கிறதா என்று கேட்டேனாம். மீனாட்சிபுரத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு, அம்மாவின் சொந்த அக்கா, 2003-ல் மார்பகப் புற்றுநோய் வந்து எடுத்தார்கள். அப்போது நான் ஹாஸ்டலில் டிபி53 பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே எனக்குத் தோன்றியதில்லை. ஊராருக்கு மரம் வரைந்தேன், என் வீட்டு மரத்தை வரையவில்லை.

தெரிந்த பிறகும் இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 2015-ல் பெரியம்மாவுக்கு இன்னொரு பக்கமும் கட்டி வந்த பிறகுதான் அசைந்தேன். இதில் ஒரு நடைமுறை உண்டு: சோதனையை நோய் வந்தவரிடமிருந்து தொடங்க வேண்டும். நோயில்லாத என்னை முதலில் பார்த்து ஒன்றும் இல்லை என்று வந்தால், நான் தப்பித்தேனா அல்லது குடும்பத்தில் இருப்பது வேறெதுவோ என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெரியம்மாவின் ரத்தத்தை என் ஆய்வகத்தில் போடவில்லை. பெயருக்குப் பதில் எண் எழுதி வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். நான்கு வாரம். பிஆர்சிஏ1-ல் 185டெல்ஏஜி, ஏ, ஜி என்று இரண்டு எழுத்து காணாமல் போயிருந்தது. அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுவதால் உலகம் முழுக்கப் பேர்போன மாற்றம், தென்னிந்தியக் குடும்பங்களிலும் பார்த்திருக்கிறார்கள்.

பெரியம்மாவிடம் விளக்கினேன். "அப்போ எங்கம்மா எனக்குக் குடுத்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். "காதுத் தோட்டை உங்கம்மாளுக்குக் குடுத்துட்டு இத எனக்குக் குடுத்திருக்கா" என்று சிரித்தார்.

அம்மாவுக்கும் இருந்தது. அம்மாவுக்கு நாற்பதில் கர்ப்பப்பை எடுத்தாயிற்று, அதனால் வயிற்றுப் பக்கம் பயமில்லை என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை பீரோவில் துணிக்கடியிலிருந்து தேடி எடுத்துப் படித்தால், கர்ப்பப்பை மட்டும்தான், சினைப்பைகள் இரண்டையும் விட்டுவைத்திருக்கிறார்கள். இப்படி "எல்லாம் எடுத்தாச்சு" என்று நம்பிக்கொண்டிருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். உங்கள் அம்மாவுடைய காகிதத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்த வருஷமே அம்மாவின் சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்தோம், அதில் நோய் இல்லை.

எனக்கு இல்லை. அண்ணனுக்கு இருந்தது. இது பெண்களுடைய நோய், தனக்கெதற்கு டெஸ்ட் என்று ஆறு மாதம் தட்டிக் கழித்தவர். ஆணுக்கும் ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு, அவர் மூலம் மகளுக்கும் அப்படியே. அண்ணனுக்கு இரண்டு பெண்கள். அண்ணி கேட்ட ஒரே கேள்வி, "இது வெளிய தெரியுமா?" கல்யாணச் சந்தையை நினைத்துக் கேட்டார். மரபணுப் பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. ரிப்போர்ட் நோயாளிக்கும் அவர் காட்டச் சொல்பவருக்கும் மட்டும்தான், பிள்ளைகளுக்குப் பதினெட்டு முடியும் முன் சோதனை வேண்டாம், அப்புறமும் செய்துகொள்வது அவர்கள் இஷ்டம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அண்ணி அன்றைக்கு என்னோடு சரியாகப் பேசவில்லை.

எல்லா ரிப்போர்ட்டும் இப்படி ஆமாம் இல்லை என்று வந்துவிடாது. 2015-லிருந்து மாற்றங்களை ஐந்து தரமாகப் பிரிக்கிறோம், நோய் உண்டாக்குவது என்பதில் தொடங்கித் தீங்கற்றது வரை. நடுவில் ஒன்று, பொருள் உறுதியாகாதது. ஆய்வகத்தில் அதை வியுஎஸ் என்போம். கொல்லங்கோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தர் இந்த நடுத்தர ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மார்பையும் எடுத்துவிடத் தேதி குறித்துவிட்டு வந்திருந்தார். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்ததாம். தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினேன். வியுஎஸ் மாற்றங்களில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கற்றவை என்றே தரம் மாறுகின்றன. நம் ஆட்கள் உலகத் தரவுகளில் குறைவாக இருப்பதால், நம்மிடம் சாதாரணமாக இருக்கும் எழுத்து அங்கே அபூர்வமாகத் தெரிகிறது. 2020-ல் வந்த இண்டிஜென் தரவு 1,029 இந்தியர்களுடையது, 2025 ஜனவரியில் ஜீனோம்இந்தியா 10,000 பேருடையது. இவை வந்தபிறகு எங்கள் பழைய வியுஎஸ் சிலவற்றைத் திறந்து திருத்தி அனுப்பினோம். அவருடையதும் அதில் ஒன்று. உங்களிடம் வியுஎஸ் ரிப்போர்ட் இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை ஆய்வகத்துக்குப் போன் செய்து மாறியிருக்கிறதா என்று கேளுங்கள், அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று இருக்காதீர்கள்.

கொரோனா காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. எங்கள் பிசிஆர் இயந்திரங்கள் எல்லாம் தொண்டைச் சளி பார்க்கப் போய்விட்டன. 2021 ஆகஸ்டில் கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்குள் வர ஆர்டிபிசிஆர் சான்றிதழோ இரண்டு டோஸ் தடுப்பூசியோ வேண்டும் என்றானபோது, வாளையார் சோதனைச் சாவடியில் என் கையெழுத்துப் போட்ட காகிதத்தை என் அப்பாவே நீட்டிக்கொண்டு நின்றார்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் எழுதுகிறார்கள், என்ன படிக்கலாம் என்று. எம்எஸ்சி முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குங்கள், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், ஆராய்ச்சி செய்துகொண்டே வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். கணினியில் லினக்ஸும் பைத்தானும் இப்போது, ஆய்வகத்தில் திரவம் அளக்கும் பிப்பெட் மாதிரி, தெரியாமல் முடியாது. ஆனால் எனக்கு யாரும் சொல்லாத ஒன்று: ஆறு மாதமாவது ஒரு நோய்க்குறியியல் மருத்துவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஸ்லைடில் புற்றுசெல் இருக்கும் இடத்தை அவர் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தால், அந்த இடத்தைச் சுரண்டித்தான் நாம் டிஎன்ஏ எடுக்கிறோம். வட்டத்தில் புற்றுசெல் மிகக் குறைவாக இருந்தால், எத்தனை கோடி இயந்திரமும் நோயில்லாத சதையைத்தான் படிக்கும், மாற்றம் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆராய்ச்சியா, நோயறிதல் ஆய்வகமா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. ஆராய்ச்சியில் தப்பானால் கட்டுரை திரும்பி வரும். இங்கே தப்பானால் ஒரு ஆள் திரும்பி வருவார், அல்லது வரமாட்டார். எனக்குத் தூக்கம் கெட்டாலும் இது பிடித்திருக்கிறது.

போன தை நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணனின் மூத்தவளுக்கு இப்போது பத்தொன்பது, சித்தூர்க் கல்லூரியில் நான் படித்த அதே கட்டடத்தில் படிக்கிறாள். வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தோம், அண்ணி உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இவள் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அத்தே, அந்த டெஸ்ட்டு நான் இப்ப எடுக்கணுமா, அப்புறம் எடுத்தாலும் ஆகுமா?"

"அப்புறம் எடுத்தாலும் ஆகும் கண்ணு. இருக்குன்னு தெரிஞ்சாலும் இருபத்தஞ்சு வயசுலதான் வருஷா வருஷம் ஸ்கேன் ஆரம்பிப்பாங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பால் பொங்கி வழிந்தது, தீயை இழுத்தாள்.

"ஊதா மூடிதானே?" என்றாள்.

உள்ளே தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது.